எண்ணப்பட்ட மக்கள் எண்ணுகின்ற மக்களாக வேண்டும்!

சபரகமுவத் தோட்டத்து இளைஞருக்குப் புள்ளிவிபரவியல் காட்டும் வழிகள்

இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டமொன்றில், லயத்துக் காம்பராவொன்றின் சுவரிலே கரிக்கோடுகள் வரிசை வரிசையாக இருந்தன. அவை என் தாயார் கீறியவை. மலைக்குப் போன ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கோடு. கையெழுத்துப் போடத் தெரியாத அந்த அம்மையாருக்கு அச்சுவரே நாட்குறிப்பு, அச்சுவரே கணக்கேடு. ஒரு மாதம் சுவரிலே இருபத்தொரு கோடுகள் இருந்தன. சம்பள நாளன்று செக்ரோலிலே பத்தொன்பது பேர்தாம் விழுந்திருந்தன. “ஐயா, நான் இருபத்தொரு பேர் வேலை செஞ்சேனுங்க” என்றார் அம்மா. “உன் சுவரைப் பேர்த்துக்கொண்டு வந்து காட்டு” என்று மேசைக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது. வரிசையில் நின்றவர்களிலே சிலர் சிரித்தனர். அம்மா பத்தொன்பது நாட் சம்பளத்தைப் பெற்றுக்கொண்டு திரும்பினார்.

தோட்டத்தை அறியாத வாசகர்களுக்கு ஒரு விளக்கம் வேண்டும். தோட்டத்திலே ஒரு நாள் வேலைக்குப் ‘பேர்’ என்று பெயர். குறித்த அளவு கொழுந்து எடுக்காவிடில் ‘அரைப் பேர்’. ஒரு மனிதரின் உழைப்பையே அவருடைய பெயரால் எண்ணுவதும், அந்தப் பெயரைப் பாதியாக அறுப்பதும் நம் மக்கள் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகக் கண்டுவந்த கணக்கு. அம்மாவின் கணக்கு பிழையானதன்று. ஆனால் அது சுவரில் இருந்தது. எதிரே இருந்த கணக்கு புத்தகத்தில் இருந்தது. புத்தகம் வென்றது.

புள்ளிவிபரவியல் கற்றவர்களுக்கு என்ன தொழில் கிடைக்கும் என்ற கேள்வியை அண்மையில் என்னிடம் கேட்டவர் கேகாலை மாவட்டத்திலே இறப்பர்ப் பால் வெட்டும் தொழிலாளி ஒருவர். அவருடைய மகளுக்குக் கணக்கிலே நல்ல நாட்டம். “டாக்டர், எஞ்சினியர் என்றால் விளங்குகிறது, இந்தப் படிப்பைப் படித்து என்ன செய்வது?” என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கு உத்தியோகங்களின் பட்டியலொன்றை மட்டும் விடையாகக் கொடுத்து விட்டுவிடலாம். ஆனால் அக்கரிக்கோடுகளை மறந்துவிட்டு அப்பட்டியலை எழுத என் கை ஒருப்படவில்லை.

பேரம் பேசப்பட்ட தலைகள்

மலையகத் தமிழரின் வரலாற்றைப் போல எண்களால் எழுதப்பட்ட வரலாறு வேறு எந்த மக்களுக்கு உண்டு? 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றோர் ஆக்கியது. வாக்குரிமை பறிபோயிற்று. ஆயினும் 1959 ஆம் ஆண்டுத் தேர்தற் தொகுதி நிர்ணயத்தின்போது அவர்களுடைய தலைகளும் சனத்தொகையிலே சேர்த்து எண்ணப்பட்டன. தோட்டங்கள் நிறைந்த மாகாணங்களுக்கு ஆசனங்களைப் பெருக்கித் தர அவர்கள் வேண்டும். அந்த ஆசனங்களுக்கு ஆளனுப்ப அவர்கள் வேண்டாம்! எண்ணிக்கைக்கு மனிதர், உரிமைக்கு அந்நியர் என்பதே அதன் பொருள்.

1964 ஆம் ஆண்டு ஒக்டோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. நாடற்றோர் 975,000 பேர் என மதிப்பிடப்பட்டது. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பங்கு பிரிக்கப்பட்டது. அந்த எஞ்சியோரை 1974 இல் இரு அரசுகளும் பாதிக்குப் பாதி, 75,000 வீதம் பிரித்துக்கொண்டன. பாகப் பிரிவினையிலே மாட்டையும் வயலையும் பிரிப்பதுபோல மனிதர் பிரிக்கப்பட்டனர். பிரிக்கப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை. 1977 இலும், 1981 இலும், 1983 இலும் சபரகமுவத் தோட்டங்களிலே மூண்ட வன்செயல்களுக்கு அஞ்சி வன்னிக்கும் தமிழகத்துக்கும் ஓடியவர்களின் தொகையோ முழுமையாக எந்த ஏட்டிலும் ஏறவில்லை.

இவையெல்லாம் பழங்கதை என்று சிலர் கூறக்கூடும். 2003 ஆம் ஆண்டுச் சட்டத்துடன் நாடற்ற நிலை நீங்கியது உண்மையே. ஆனால் எண்களின் ஆட்சி நீங்கிவிட்டதா?

அளவுகோல் யார் கையில்?

1946 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பிலே இந்தியத் தமிழர் நாட்டு மக்களில் நூற்றுக்கு 11.7 பேராக இருந்தனர். 2012 இல் அது 4.1 ஆயிற்று. 2024 ஆம் ஆண்டு மதிப்பிலே 2.8 ஆகக் குறைந்திருக்கிறது. ஒப்பந்தங்களினால் கடல் கடந்தோர் பல இலட்சம். அது ஒரு காரணம். மற்றொரு காரணம் இருக்கிறது. தம்மை ‘இலங்கைத் தமிழர்’ என்று பதிவு செய்வோர் தோட்ட மாவட்டங்களிலே பெருகியிருக்கின்றனர். பிறந்த மண்ணின் பெயரால் தம்மை அழைத்துக்கொள்ள எவருக்கும் உரிமையுண்டு. ஆனால் எத்தனை பேர் உண்மையாகவே குறைந்தனர், எத்தனை பேர் ஒரு பத்தியிலிருந்து மறு பத்திக்கு மாறினர் என்பதை ஆராய்ந்து சொல்ல நம்மிடையே எத்தனை புள்ளிவிபரவியலாளர் இருக்கின்றனர்?

இன்னொன்றையும் கேளுங்கள். அரசாங்கப் புள்ளிவிபரங்கள் நாட்டை நகரம், கிராமம், தோட்டம் என மூன்றாகப் பிரிக்கின்றன. ‘தோட்டம்’ என்பது யாது? 20 ஏக்கரோ அதற்கு மேலோ பரப்புடையதும், 10 பேரோ அதற்கு மேற்பட்டோரோ குடியிருந்து உழைப்பதுமான பெருந்தோட்டமே தோட்டம். நுவரெலியாவின் பெருந்தோட்டங்களுக்கு இவ்வரைவிலக்கணம் ஓரளவு பொருந்தலாம். சபரகமுவவின் நிலை வேறு. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களின் பின் இங்கே பல தோட்டங்கள் துண்டாடப்பட்டன. இறக்குவானையிலும் பலாங்கொடையிலும் யட்டியந்தோட்டையிலும் தெஹியோவிட்டவிலும் தமிழ்க் குடும்பங்கள் சிறுகாணிகளின் ஓரத்திலும் வீதியோரக் குடியிருப்புகளிலும் சிதறி வாழ்கின்றன. அவர்கள் செய்வது அதே வேலை. பேசுவது அதே மொழி. பிள்ளைகளின் தட்டிலே விழுவது அதே ரொட்டி. ஆனால் புள்ளிவிபரத்திலே அவர்கள் ‘கிராமம்’. அவர்களுடைய வறுமை, பெருந்தொகையான கிராம மக்களின் சராசரியிலே கரைந்து மறைந்துவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாத வறுமைக்குத் திட்டம் வகுப்பவர் யார்?

அளவுகோலின் வலிமைக்கு மற்றுமோர் உதாரணம். 2016 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தோட்டத்துறையில் வறியோர் நூற்றுக்கு 8.8 பேர். 2019 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலே 33.8 பேர். மூன்றே ஆண்டுகளில் அத்தனை குடும்பங்கள் திடீரென வறுமையில் விழுந்தனவா? இல்லை. முன்னைய வறுமைக்கோடு 2002 ஆம் ஆண்டின் வாழ்க்கைமுறையை அடிப்படையாகக் கொண்டது. பின்னையது 2012/13 ஐ அடிப்படையாகக் கொண்டது. கோல் மாறியது, மறைந்திருந்தவர் வெளிப்பட்டனர். பழைய கோலே நீடித்திருந்தால் “தோட்டத்திலே வறுமை ஏறத்தாழ ஒழிந்துவிட்டது” என்று மேடைகளிலே முழங்கியிருப்பர்! அதே 2016 இல் எடுக்கப்பட்ட சுகாதார ஆய்வு, ஐந்து வயதுக்குட்பட்ட தோட்டக் குழந்தைகளில் நூற்றுக்கு 31.7 பேர் வயதுக்கேற்ற உயரமின்றி வளர்ச்சி குன்றியிருக்கின்றனர் என்று காட்டியது. நாடு முழுவதற்குமான தொகை 17.3. ஒரு கணக்கு மறைத்ததை மறு கணக்கு காட்டிக் கொடுத்தது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கத் தெரிந்தவரே உண்மையைக் காண்பார்.

சம்பளப் போராட்டத்தையே எடுத்துக்கொள்வோம். 2021 மார்ச்சிலே நாட்சம்பளம் 1,000 ரூபா என நிர்ணயிக்கப்பட்டது. 2022 செப்டெம்பரிலே கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி பணவீக்கம் நூற்றுக்கு 69.8 ஆக ஏறியது. சம்பளமோ 2024 வரை ஏறவில்லை. அச்சுட்டெண்கூடக் கொழும்பு நகரத்துக் குடும்பங்களின் செலவை அடிப்படையாகக் கொண்டது. கோதுமை மாவும் அரிசியும் தேங்காயுமே வருமானத்தின் பெரும்பகுதியை விழுங்கும் லயத்து அடுப்புக்கு அது சரியான கண்ணாடியாகுமா? கம்பனிகள் உற்பத்திச் செலவையும் விளைதிறனையும் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து மேசையில் வைக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்த்து, “இந்தச் சராசரியிலே இந்தப் பிழை இருக்கிறது” என்று கூறத்தக்க எத்தனை பேர் தொழிலாளர் பக்கத்திலே அமர்ந்திருந்தனர்? கரிக்கோட்டுக்கும் செக்ரோலுக்கும் நடந்த அதே வழக்குத்தான் இங்கும் நடக்கிறது. மேசை மட்டுமே பெரிதாகியிருக்கிறது.

கொழுந்திலே பிறந்த கணக்கு

புள்ளிவிபரவியல் நமக்குத் தூரத்துக் கல்வி என்று எண்ணுவோருக்கு ஒரு செய்தி. நவீன புள்ளிவிபரவியலின் தந்தையரில் ஒருவரான றொனால்ட் பிஷர், 1919 முதல் இங்கிலாந்தின் றொதம்ஸ்டெட் விவசாய நிலையத்திலே வயற்பரிசோதனைகளை எவ்வாறு அமைப்பது என்ற முறையை வகுத்தார். அங்கே அவருடன் சேர்ந்து 1927 இலும் 1929 இலும் ஆய்வுக் கட்டுரைகள் எழுதிய தொமஸ் ஈடன் என்பவர் இலங்கைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்து சேர்ந்தார். தேயிலை வயற்பரிசோதனைகளில் நேரும் பிழைகளைப் பற்றிய அவருடைய ஆய்வு 1931 இல் வெளிவந்தது. உலகின் பல பல்கலைக்கழகங்களிலே அம்முறையைக் கற்பிக்கத் தொடங்கும் முன்பே அது நம் மலைகளுக்கு வந்துவிட்டது. எடை போடப்பட்ட கொழுந்து தோட்டத் தொழிலாளர் கூடையிலிருந்து வந்தது. கொழுந்தைக் கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் அந்தக் கணக்கைக் கற்றால் அது இரவல் கல்வியாகுமா?

தமிழகத்து உதாரணம் வேண்டுமா? சென்னை மாநிலக் கல்லூரியிலே 1959 இல் புள்ளியியலில் பட்டம் பெற்ற சீனிவாச வரதன், ஆலைகளின் தரக் கட்டுப்பாட்டுத் துறையிலே வேலை பார்க்கும் எண்ணத்துடன் கல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்குச் சென்றார். நிகழ்தகவுக் கோட்பாட்டிலே ஈடுபட்டு, 2007 இல் கணிதத்துறையின் மிக உயர்ந்த விருதுகளில் ஒன்றான ஆபெல் பரிசைப் பெற்றார். எல்லோரும் வரதன் ஆக முடியாது. ஆனால் அவர் நினைத்துச் சென்ற அந்தத் தரக் கட்டுப்பாட்டு உத்தியோகமே மரியாதையான உத்தியோகம் என்பதையும் மறந்துவிடலாகாது.

தொழில் எங்கே?

இனி, அந்தக் கேகாலைத் தந்தையின் கேள்விக்கு நேராக விடை கூறுகிறேன்.

முதலாவது, அரசாங்க சேவை. தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் தலைமையகத்தில் மட்டுமன்றி மாவட்டச் செயலகங்களிலும் பிரதேச செயலகங்களிலும் உத்தியோகத்தர்களைக் கொண்டது. பட்டதாரிகள் போட்டிப் பரீட்சை மூலம் புள்ளிவிபரவியலாளராகலாம். மத்திய வங்கியிலே புள்ளிவிபரத்துக்கென்றே ஒரு திணைக்களம் உண்டு. அமைச்சுகளிலும் அவ்வாறான பிரிவுகள் உள்ளன. லயத்து வாசலிலே நின்று, அச்சமின்றிப் பதில் சொல்லும் வகையிலே தமிழிற் கேள்வி கேட்கத் தெரிந்த உத்தியோகத்தர் இச்சேவைக்கே தேவை. கேள்வி விளங்காமல் சொன்ன பதிலும், பதில் விளங்காமல் எழுதிய எண்ணும் எத்தனை நுட்பமான கணக்கினாலும் திருந்தமாட்டா.

இரண்டாவது, ஆராய்ச்சி. தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் தாழ்நாட்டுக் கிளை இரத்தினபுரியிலே சென்ற் ஜோக்கிம் தோட்டத்தில் இருக்கிறது. இறப்பர் ஆராய்ச்சி நிலையம் அகலவத்தையில் இருக்கிறது. எந்த உரம், எந்த இனம், எந்த வெட்டுமுறை என்ற கேள்விகளுக்குப் பரிசோதனைத் திட்டம் வகுப்பவர் புள்ளிவிபரவியலாளரே. மருத்துவ ஆய்வுக்கும் நோய்ப் பரம்பலை அறிவதற்கும் அவரே வேண்டும். மண்சரிவு அபாயத்தை மதிப்பிடும் பணியும் இதனோடு தொடர்புடையது. 2016 மே மாதத்திலே அரநாயக்கவிலும் புளத்கொஹுபிட்டியவிலும் மண் சரிந்ததைக் கண்ட கேகாலை மக்களுக்கு அதன் அருமையை எடுத்துரைக்க வேண்டியதில்லை.

மூன்றாவது, தனியார் துறை. வங்கிகள் கடன் இடரை அளக்கின்றன. காப்புறுதிக் கம்பனிகளுக்கு வாழ்வு, சாவு, விபத்து ஆகியவற்றின் நிகழ்தகவைக் கணித்துக் கட்டணமும் ஒதுக்கமும் வகுக்கும் கணிப்பாளர் வேண்டும். அத்தகுதிக்குப் பல பரீட்சைகளைத் தாண்டவேண்டும், தாண்டியவர் மிகச் சிலரே. ஆடைத் தொழிற்சாலைகளிலே தரக் கட்டுப்பாடு உண்டு. கணினித் துறையிலே ‘தரவு விஞ்ஞானம்’ என்று இன்று பேசப்படுவதன் முதுகெலும்பு புள்ளிவிபரவியலே.

நான்காவது, ஆசிரியத் தொழில். இதனைக் கடைசியிலே கூறினாலும் சபரகமுவத் தமிழருக்கு முதலிலே வேண்டியது இதுவே. கணித ஆசிரியர் இல்லாத பாடசாலையிலிருந்து கணித வல்லுநர் எவ்வாறு வருவார்?

ஆனால் ஒன்றை மறைக்காமற் கூறவேண்டும். பட்டம் மட்டும் சோறு போடாது. கணினியிலே கணக்கிடும் மொழி ஒன்றில் தேர்ச்சியும், ஆங்கிலத்திலே அறிக்கை எழுதும் ஆற்றலும், சிங்களத்திலே உரையாடும் பழக்கமும் இல்லாத பட்டதாரி வேலைக்காகக் காத்திருக்க நேரும். சூத்திரங்களை மனப்பாடம் செய்தவருக்கு இத்துறையில் இடமில்லை; தரவைச் சந்தேகிக்கத் தெரிந்தவருக்கே இடமுண்டு.

வாசல் எங்கே அடைபட்டிருக்கிறது?

பெலிஹுல்ஓயாவிலே, இரத்தினபுரி மாவட்டத்துக்குள்ளேயே, சபரகமுவப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் சமூக விஞ்ஞான பீடத்திலே பொருளியல், புள்ளிவிபரவியல் துறை இருக்கிறது. கொழும்பிலும் பேராதனையிலும் ஸ்ரீ ஜயவர்த்தனபுரவிலும் யாழ்ப்பாணத்திலும் இக்கல்விக்கு இடமுண்டு. விஞ்ஞான வழியிற் செல்வோர் உயர்தரத்திலே இணைந்த கணிதம் கற்கவேண்டும். அதற்கு வசதியற்றோருக்கும் வழி முற்றாக மூடப்படவில்லை; வணிகப் பிரிவிலே ‘வணிகப் புள்ளிவிபரவியல்’ என்ற பாடமே உண்டு.

அப்படியாயின் தடை எது? கணிதப் பிரிவைத் தமிழிலே முழுமையாக நடத்தும் பாடசாலைகள் இவ்விரு மாவட்டங்களிலும் அரிதினும் அரிது. வெளிமாவட்டத்துக்குப் பிள்ளையை அனுப்பி விடுதிச் செலவு கொடுக்கத் தோட்டச் சம்பளம் போதாது. பெண்பிள்ளையாயின் வீட்டாரின் அச்சமும் சேர்ந்துகொள்கிறது.

பல்கலைக்கழக அனுமதியின் கணக்கையும் பாருங்கள். நூற்றுக்கு 40 இடங்கள் நாடளாவிய திறமைக்கு. 55 இடங்கள் மாவட்டங்களுக்கு. 5 இடங்கள் கல்வியிற் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. இரத்தினபுரி அப்பதினாறில் ஒன்று. கேகாலை அதில் இல்லை. ஆனால் மாவட்டம் பின்தங்கியது என்று தரும் சலுகையை, அம்மாவட்டத்திலே முன்னேறிய நகரப் பாடசாலையின் மாணவனே பெரும்பாலும் பெறுகிறான். லயத்துப் பிள்ளை அவனோடு அதே வரிசையில் நின்று போட்டியிடுகிறது. மாவட்டச் சராசரிக்குள்ளே தோட்டம் மறைந்துவிடுகிறது. ஆற்றின் சராசரி ஆழம் மூன்றடி என்று கேட்டு இறங்கியவன் மூழ்கிப்போன கதைதான்!

இதை எதிர்த்து வாதாடவும் புள்ளிவிபரவியலே வேண்டும். 1970 களிலே ‘தரப்படுத்தல்’ என்ற கணக்கு தமிழ் மாணவரை எப்படிப் பாதித்தது என்பதை நாடறியும். 2011 உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளிகளோ, பழைய பாடத்திட்டத்தாரையும் புதிய பாடத்திட்டத்தாரையும் ஒன்றாகக் கலந்து கணிக்கப்பட்டன. வழக்கு உயர் நீதிமன்றம் சென்றது. 2012 இல் இரு சாராருக்கும் தனித்தனியே புள்ளிகளைக் கணிக்கும்படி தீர்ப்பாயிற்று. கணக்கைக் கணக்கினாலே எதிர்த்ததனால் மாணவர்க்கு நீதி கிடைத்தது.

செய்யவேண்டியவை

இரத்தினபுரிக்கு ஒன்று, கேகாலைக்கு ஒன்று என விடுதியுடன் கூடிய தமிழ்ப் பாடசாலைகள் இரண்டிலே கணிதப் பிரிவும், வணிகப் புள்ளிவிபரவியல் அடங்கிய வணிகப் பிரிவும் குறைவின்றி நடைபெறவேண்டும். இதை நம் பிரதிநிதிகள் கோரிக்கையாக அன்றி நிபந்தனையாக முன்வைக்கவேண்டும்.

மருத்துவராகவும் சட்டத்தரணியாகவும் கணக்காளராகவும் உயர்ந்திருக்கின்ற அன்பர்கள், ஆண்டுக்கு இரு மாணவரின் விடுதிச் செலவையும் பேருந்துச் செலவையும் ஏற்றுக்கொள்ளலாம். கோயில் திருவிழாவின் ஒரு நாட்செலவு ஒரு பிள்ளையின் ஓராண்டுக் கல்வியாகும்.

சிறு தேயிலைத் தோட்ட விவசாயிகளுக்கும் ஒரு சொல். பச்சைக் கொழுந்தின் விலை, தொழிற்சாலையின் தேறிய விற்பனை வருமானத்திலே 68 பங்கு கொழுந்து கொடுப்பவருக்கு, 32 பங்கு தொழிற்சாலைக்கு என்ற சூத்திரத்தால் கணிக்கப்படுவது. அச்சூத்திரத்தைத் தாமே போட்டுப் பார்ப்பவர் எத்தனை பேர்? கொடுத்த கிலோ, கழித்த கிலோ, பெற்ற விலை ஆகிய மூன்றையும் ஒரு கொப்பியிலே மாதந்தோறும் எழுதி வாருங்கள். பத்தாம் வகுப்புப் படிக்கும் உங்கள் பிள்ளையிடம் அதைக் கொடுத்துச் சராசரி காணச் சொல்லுங்கள். அந்தப் பிள்ளையின் முதலாவது புள்ளிவிபரப் பாடம் அதுவாகட்டும்.

தொகைமதிப்புத் திணைக்களத்திடமும் ஒன்று கேட்கவேண்டும். தோட்டத்தின் வரைவிலக்கணத்துக்கு வெளியே வாழும் சபரகமுவத் தமிழ்க் குடும்பங்களின் வருமானம், கல்வி, வீடு, காணி ஆகியவற்றின் விபரங்களைக் கிராம சேவையாளர் பிரிவு வாரியாகத் தமிழிலே வெளியிட வேண்டும். நம்முடையவரே அத்திணைக்களத்தில் அமர்ந்திருக்கும் நாள் வந்தால் இக்கோரிக்கை எளிதாகும்.

வள்ளுவர் கல்வியைப் பற்றிக் கூறுமிடத்து எழுத்துக்கு முன்னே எண்ணை வைத்தார். நாமோ எழுத்தைப் போற்றிய அளவுக்கு எண்ணைப் போற்றவில்லை. மேடைப் பேச்சிலே வல்லவர் நம்மிடம் உண்டு. அட்டவணையிலே வல்லவர் போதாது. உணர்ச்சியுடன் உரைத்த உண்மையும், ஆதாரம் இல்லையேல் சுவரிலே கீறிய கரிக்கோடாகவே முடியும்.

என் தாயார் இப்போது இல்லை. அந்த லயமும் இடிந்துவிட்டது. கேகாலைத் தந்தையிடம் நான் சொன்னது இதுவே: “அண்ணே, மகளைப் படிக்க வையுங்கள். வேலை உண்டு; சம்பளமும் உண்டு. அதற்கு மேலாக, நம்முடைய கணக்கை நம்முடையவர் எழுதுவதற்கு ஆள் வேண்டியிருக்கிறது.”

அவர் சற்றே யோசித்துவிட்டு, உயர்தரத்திலே எந்தப் பாடங்களை எடுக்கவேண்டும் என்று ஒரு தாளிலே எழுதித் தரும்படி கேட்டார். எழுதிக் கொடுத்தேன். சபரகமுவவின் ஒவ்வொரு தோட்டத்திலும் அப்படி ஒரு தாள் ஒரு பிள்ளையின் கைக்குப் போய்ச் சேரவேண்டும்.